அம்மாவின் மடக்குப் போனில் உள் திரை கறுத்துவிட்டது: எண்களைக் காப்பாற்றலாமா?

களுவாஞ்சிகுடி மகள்:
வணக்கம். அம்மா பாவிக்கும் மடக்குப் போனைத் திறந்தால் உள் திரை கறுப்பாகவே கிடக்கிறது. வெளியே உள்ள சிறிய திரையில் நேரம் தெரிகிறது, மணியும் அடிக்கிறது. 2ஐ அழுத்திப் பிடித்தால் கட்டாரில் இருக்கும் தம்பிக்கு அழைப்புப் போகிறது. கீழே விழவில்லை, நனையவுமில்லை. பற்றரியைக் கழற்றிப் போட்டும் மாற்றமில்லை. அம்மா பொத்தானைத் தடவிப் பார்த்து அழுத்துபவர். தொடுதிரை அவருக்குச் சரிவராது. உறவினர், மருந்துக்கடை, கோயில் ஐயர் என எல்லோருடைய எண்ணும் அதற்குள்தான். மட்டக்களப்பு நகருக்குக் கொண்டுபோவதற்கு முன் எதைக் கவனிக்க வேண்டும்?

வாவிக்கரை:
ஓர் இரவு அரிசிக்குள் புதைத்து வையுங்கள். மழைக்கால ஈரமாக இருக்கும்.

கல்முனைத் திருத்துநர்:
அரிசி வேண்டாம். அது உள்ளிருக்கும் ஈரத்தை இழுக்காது. தூசுதான் போய் அடைக்கும்.

தங்கச்சி, நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. அழைப்புப் போவதால் போனின் மூளை நன்றாக இருக்கிறது. மூடி திறந்திருப்பதை அறியும் காந்த உணரியும் பழுதில்லை. அது பழுதாகியிருந்தால் பொத்தான்களும் பெரும்பாலும் வேலை செய்திருக்காது. மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் இணைக்கும் மெல்லிய ரிப்பன் கேபிள் கீலுக்குள்ளால் போகிறது. திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அது வளைகிறது. காலப்போக்கில் அதிலுள்ள செம்புக் கோடுகள் ஒவ்வொன்றாக விட்டுப்போகும். மேல் பாதியில் உள்ள வெளித்திரை எரிவதால் கேபிள் முழுவதும் அறவில்லை. சில கோடுகள் மட்டும் போயிருக்கலாம், அல்லது உள் திரையே பழுதாகியிருக்கலாம்.

இருட்டறையில் மூடியை மிக மெதுவாகத் திறந்து பாருங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் திரை மினுக்கினால் கேபிள்தான். காதில் கேட்கும் குரலும் மூடியை அசைக்கும்போது விட்டு விட்டு வந்தால் சந்தேகமே இல்லை. மினுக்காவிட்டால் ரோர்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடியுங்கள். எழுத்து மங்கலாகத் தெரிந்தால் பின்னொளி மட்டும் போய்விட்டது.

களுவாஞ்சிகுடி மகள்:
மிக்க நன்றி அண்ணன். பாதி திறந்த நிலையில் பிடித்தால் திரை எரிகிறது! விரலைச் சற்று அசைத்தால் கோடு கோடாக ஓடி மறுபடி கறுக்கிறது. தம்பியின் குரலும் அந்த இடத்தில்தான் அறுகிறது.

கல்முனைத் திருத்துநர்:
அப்படியானால் கேபிள்தான். இனித் தேவையில்லாமல் திறந்து மூட வேண்டாம். ஒருவர் அந்தக் கோணத்தில் அசையாமல் பிடிக்க, மற்றவர் பெயர்ப் பட்டியலுக்குள் போய் எல்லா எண்களையும் சிம்முக்குப் பிரதி எடுக்கட்டும். திரை அதுவரை தாங்காவிட்டால், ஒவ்வொரு பெயராக இறக்கிக் கொப்பியில் எழுதுங்கள். சிம்மில் இடம் குறைவு. நீண்ட பெயர்கள் வெட்டுப்படும், இரண்டு எண் உள்ளவருக்கு ஒன்று மட்டும் பதியக்கூடும். ஆகவே கொப்பியைத்தான் நான் கூடுதலாக நம்புவேன்.

அக்கரைப்பற்று வாசகர்:
சிம் பழைய பெரிய அளவு என்றால் வேறு போனில் போடுவதற்காக வெட்டிவிடாதீர்கள். அதே அளவு ஏற்கும் சாதாரணப் பொத்தான் போனை யாரிடமாவது இரவல் வாங்குங்கள்.

களுவாஞ்சிகுடி மகள்:
நானும் மகனும் அமர்ந்து எல்லாவற்றையும் எழுதி எடுத்துவிட்டோம். நகரில் ஒரு கடையில் விசாரித்தேன். திரையையும் சேர்த்து மாற்ற வேண்டும், மென்பொருளையும் புதிதாக ஏற்ற வேண்டும் என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

கல்முனைத் திருத்துநர்:
இரண்டுக்கும் சம்மதிக்காதீர்கள். எரிந்து காட்டும் திரையை மாற்றுவதற்குக் காரணம் இல்லை. மென்பொருளை ஏற்றினால் போனின் நினைவகத்தில் உள்ளவை அழிந்துவிடக்கூடும். கேபிளை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். பெரும்பாலான மாதிரிகளில் நினைவகம் பொத்தான்கள் இருக்கும் கீழ்ப் பாதியில்தான், அதில் கைவைக்கத் தேவையில்லை. பற்றரிக்கு அடியில் ஒட்டியிருக்கும் மாதிரி இலக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரே உருவத்தில் இருக்கும் போன்களுக்கும் கேபிள் வேறு வேறாக இருக்கலாம். பழைய கேபிளைக் கேட்டு வாங்கி, கடையிலேயே புதியதுடன் பக்கத்தில் வைத்து நீளத்தையும் இரு முனைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.