எஸ்.ஜே. 413ஐ உயர்த்தலாமா?

மஸ்கெலியா மழை:
சித்திரையில் ஒரு பழைய சுசுகி எஸ்.ஜே. 413 வாங்கினேன். 1.3 லீற்றர் பெற்றோல், நாலு வீல் இழுவை. லயத்துக்கு மேலே எங்கள் மரக்கறித் தோட்டத்துக்கு இரண்டு கிலோமீற்றர் ஏற்றம், பாதி கல், பாதி சேறு. போன வாரம் பாதை நடுவில் இருந்த கல்லில் பின் டிஃப், அதாவது பின் சக்கரங்களுக்கு நடுவில் தொங்கும் கியர்க் குடம், இடித்த சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. இரண்டு அங்குலம் லிஃப்ட் போட்டு (பாடியை உயர்த்தி), 31 அங்குல டயர் மாட்டலாம் என்று நினைக்கிறேன். கராஜ் பாஸும் சரி என்கிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஸ்பேனர்:
வேண்டாம் தம்பி. லிஃப்ட் போட்டால் பாடிதான் உயரும். டிஃப் இருப்பது சக்கரங்களை இணைக்கும் அக்சிலில், அதை டயர் மட்டுமே தூக்கும். கம்பனி டயர் 195, அதாவது 195 மில்லிமீற்றர் அகலம், விட்டம் ஏறக்குறைய 27 அங்குலம். 31 போட்டால் கூடுவதில் பாதிதான் டிஃபுக்குக் கிடைக்கும். இரண்டு அங்குலத்துக்கு மேல் வராது. ஆனால் டயர் ஒரு சுற்றுக்கு ஏழில் ஒரு பங்கு தூரம் கூடுதலாக ஓடும். எல்லாக் கியரும் ஏறக்குறைய அந்த அளவுக்கு இழுவை இழக்கும். ரம்பொடை ஏற்றத்தில் மூன்றாம் கியரில் ஏறிய வண்டி இரண்டுக்கு வந்து நிற்கும். இறக்கம் அதைவிட மோசம், என்ஜின் பிடிப்பும் குறையும், பிரேக்கும் கனமான சக்கரத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்.
2018இல் வந்த சுசுகியின் புது ஜிம்னிக்கும் 195தான் போட்டார்கள். காரணம் இல்லாமலா?

ஹப்புத்தளைக் காற்று:
அண்ணே, கணக்கு சரி. ஆனால் தோட்டப் பாதையில் டிஃப் மட்டுமா இடிக்கிறது? குறுக்குக் கானில் இறங்கி ஏறும்போது முன் பம்பர் மண்ணைக் கிண்டும், சைலன்சர் கல்லில் உரசும். அதற்கெல்லாம் பாடி உயர்ந்துதான் ஆக வேண்டும். நான் இரண்டு அங்குலம் உயர்த்தி, கம்பனி டயரைவிடக் கொஞ்சம் பெரிய 235/75 டயரோடு ஆறு வருடமாக ஓடுகிறேன். லிஃப்ட் என்றாலே குற்றம் என்று பேசுவது சரியில்லை.

பழைய ஸ்பேனர்:
குற்றம் என்று சொல்லவில்லை. குட்டையான, ஒடுங்கிய வண்டி இது. அமெரிக்காவில் சாமுராய் என்ற பெயரில் விற்ற இதே வண்டியைத்தான் 1988இல் அங்குள்ள நுகர்வோர் சஞ்சிகை ஒன்று, சட்டென்று திருப்பினால் கவிழும் என்று எழுதியது.

ஹப்புத்தளைக் காற்று:
அதற்கு சுசுகி வழக்குப் போட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2004இல் சமரசமாக முடிந்தது.

பழைய ஸ்பேனர்:
முடியட்டும். வழக்கு லிஃப்ட் போடாத வண்டியைப் பற்றியது. போட்டதைப் பற்றி யோசித்துப் பாருங்கள்.

ட்ரைவர் மகன்:
இரண்டு பேரும் சேற்றை மறந்துவிட்டீர்கள். மஸ்கெலியாவில் மே மாதம் பிடிக்கும் மழை செப்டெம்பர் வரை விடாது, ஊவா பக்கம் மாதிரி இல்லை. எங்கள் அப்பா தோட்ட ஜீப் ஓட்டியவர். மெல்லிய டயர் மேல் சேற்றை வெட்டிக்கொண்டு கெட்டி மண்ணைப் பிடிக்கும், அகல டயர் மேலேயே வழுக்கும் என்பார். அது அடியில் கெட்டி மண் இருக்கிற பாதைக்கு. உளைச் சேறாக இருந்தால் மெல்லிய டயர் புதைந்துவிடும். ஆகவே முதலில் மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கள்.
அப்புறம் ஒன்று. முன் சக்கரங்களின் நடுவில் உள்ள ஹப் இரண்டையும் பூட்டிவிட்டு, லோவில், அதாவது மெதுவாகவும் பலமாகவும் இழுக்கும் நிலையில் போட்டு, நடந்து போகிற வேகத்தில் ஏறிப் பாருங்கள். புதிதாக வாங்கியவர்கள் பாதிப்பேர் ஹையில் பாய்ந்துதான் கல்லில் இடிக்கிறார்கள். தார் ரோட்டுக்கு வந்ததும் நாலு வீல் இழுவையை எடுத்துவிடுங்கள். முன் அக்சிலுக்கும் பின் அக்சிலுக்கும் நடுவில் டிஃப் இல்லாத வண்டி, திருப்பத்தில் இறுகும்.

ஹப்புத்தளைக் காற்று:
லிஃப்ட் போடுவதென்றால் பிரேக் ஹோஸின் நீளத்தையும், அக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் நிற்கிற சாய்வையும் பார்க்காத கராஜில் விடாதீர்கள். என் வண்டியில் முதல் தடவை செய்தவர் இரண்டையுமே பார்க்கவில்லை. ஹோஸ் விறைத்து நின்றதை நானே படுத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். 31 வேண்டாம் என்பதில் மட்டும் ஸ்பேனர் அண்ணனோடு ஒத்துப்போகிறேன். ஸ்டியரிங்கை முழுதாக மடக்கினால் உரசும்.

பழைய ஸ்பேனர்:
அது போதும் எனக்கு.

மஸ்கெலியா மழை:
நேற்று விடிய எழுந்து போய் மண்ணை வெட்டிப் பார்த்தேன். ஒரு சாணுக்குக் கீழே கெட்டி. கையோடு கொண்டுபோன அலவாங்கால் அந்தக் கல்லையும் புரட்டித் தள்ளிவிட்டேன், பத்து நிமிட வேலை. டயர் 195லேயே புதிது சொல்லியிருக்கிறேன். லிஃப்டைப் பிறகு பார்ப்போம்.

ஹப்புத்தளைக் காற்று:
அடுத்த மழைக்கு மண் அரித்து இன்னொரு கல் தலை காட்டும். அப்போது வாருங்கள், பேசுவோம்.