மறு: வெளிச்சத்தில் வேலை செய்யும் பங்கசு நஞ்சுக்குப் பெயர் – ஒளியேவு நச்சு

வணக்கம்.

மலையக மரக்கறித் தோட்டங்களுக்கான கைநூலுக்கு "ஒளிநச்சு" என்ற சொல்லை நண்பர் முன்வைத்திருந்தார். சின்னச் சொல், வாயில் நிற்கும். ஆனால் கேட்கிறவர் வெளிச்சமே நஞ்சு என்று எடுத்துக்கொள்வார். நான் "ஒளியேவு நச்சு" என்கிறேன்.

அது வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். இலைப்புள்ளி நோய் உண்டாக்கும் செர்க்கோசுப்பொரா பங்கசு (பூஞ்சை) செர்க்கோசுப்பொரின் என்ற சிவப்புப் பொருளைச் சுரக்கிறது. வெளிச்சத்தை உறிஞ்சியதும் அதன் மூலக்கூறு அருட்டப்பட்டு, அந்தச் சக்தியைப் பக்கத்திலுள்ள ஒட்சிசனுக்குக் கைமாற்றுகிறது. முறுக்கேறிய அந்த ஒட்சிசன்தான் கலமென்சவ்வின் கொழுப்பைச் சிதைக்கிறது. சவ்வு பொத்துப்போய்ச் சத்து வெளியே கசிய, பங்கசு அதைத் தின்று வளர்கிறது. ஏவுவது ஒளி, ஏவப்படுவது பங்கசின் பொருள், அடிப்பது ஒட்சிசன். "ஒளிநச்சு" இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறது.

நம் பாடநூல்களில் "ஏவற்சக்தி" (இரசாயனத் தாக்கம் தொடங்கத் தேவையான சக்தி) ஏற்கெனவே இருக்கிறது. உயர்தரத்தில் இரசாயனம் படித்த பிள்ளைக்குப் புதிதாக எதுவும் விளக்க வேண்டாம். "ஏவுகணை" என்பதை எல்லோரும் அறிவார்கள், இதுவும் அதே போன்ற வினைத்தொகைதான். ஏவல் என்றால் தோட்டத்து ஆட்களுக்குச் செய்வினை, சூனியம் ஞாபகம் வருமே என்று ஒருவர் தயங்கலாம். வரட்டும். ஒருவர் ஏவ இன்னொன்று போய்த் தாக்குவது என்ற பொருள் அங்கேயும் அதுதானே.

பொருள் சிவப்பு என்பதால் "செந்நச்சு" என்று வைக்கலாமே என்று தோன்றலாம். அது மட்டும் வேண்டவே வேண்டாம். வெலிமடை, நுவரெலியாப் பக்கம் பீற்றூட் இலையில் விழும் புள்ளியைக் கையில் எடுத்துப் பாருங்கள்: நடுவில் சாம்பல் நிறம், சுற்றிலும் செவ்வூதா வளையம், வில்லை வைத்துப் பார்த்தால் சாம்பலுக்குள் பொடிப்பொடியாகக் கறுப்புப் பொட்டுகள். அந்த வளையத்தின் சிவப்பு பீற்றூட்டின் சொந்தச் சாயம். செந்நச்சு என்று எழுதினால் விவசாயி வளையத்தைத்தான் நஞ்சு என்பார்.

சரி, செர்க்கோசுப்பொரின் என்று மட்டும் எழுதினால் போதாதா? போதாது. 1957இல் யப்பானில் கூயாமாவும் தமுராவும் சோயாவைத் தாக்கும் பங்கசிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். அது ஒரு பொருளின் பெயர். தோடை, எலுமிச்சையில் சொறிநோய் உண்டாக்கும் எல்சினோ பங்கசின் எல்சினோகுரோமும் இதே வழியில்தான் கொல்கிறது. இவை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் வேண்டும்.

கைநூலுக்கு இன்னொரு பயனும் உண்டு. நிழல் மரமில்லாத கோப்பியில் செர்க்கோசுப்பொரா பங்கசின் புள்ளிநோய் கடுமையாவது ஏன் என்று எழுதும்போது, ஒளியேவு நச்சு என்ற சொல்லே பாதி விளக்கத்தைச் சொல்லிவிடும். பீற்றூட் பாத்திக்கு நிழல் போடச் சொல்லவில்லை. கிழங்கு வைக்க அதற்கு வெயில் வேண்டும்.

செயலைக் குறிக்க "ஒளியேவல்" என்று வைக்கலாம். முதல் முறை வரும் இடத்தில் "வெளிச்சம் பட்டால் வேலை செய்யும் நஞ்சு" என்று விரித்து எழுதி, அப்புறம் ஒளியேவு நச்சு என்றே தொடரலாம். மறுப்பு இருந்தால் கைநூல் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.