சேன் ஆற்றுக்கு அக்கரையில் வீடு எடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

கேள்வி: அக்கா, முத்தியால்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். அடுத்த மாதம் பிரான்சில் லு ஆவ்ர் நகரில் வேலைக்குச் சேர்கிறேன். ஊருக்குள் வாடகை அதிகமாகத் தெரிகிறது. ஆற்றுக்குத் தெற்கே போந்தொதெமேர் பக்கம் குறைந்த வாடகையில் வீடு இருப்பதாக மாமா சொல்கிறார். மேப்பில் பக்கமாகத்தான் தெரிகிறது. எடுக்கலாமா?

பதில்: தம்பி, கையெழுத்துப் போடும் முன் கேட்டீர்களே, ரொம்ப நல்லது. அந்த ஊரில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு இப்போது லாஸ்பேட்டைக்குத் திரும்பியிருக்கிறேன். நம் பிள்ளைகள் வாடகையை மட்டும் பார்த்து வீடு எடுத்துவிட்டு, அப்புறம் ஆற்றைக் கடக்கும் செலவில் திணறுவதைப் பார்த்து மனசு கஷ்டப்பட்டிருக்கிறது.

லு ஆவ்ர் இருப்பது சேன் ஆற்றின் முகத்துவாரத்தில். தெற்கே போக அருகில் இருப்பவை இரண்டு பாலங்கள்: 1995இல் திறந்த நார்மண்டி பாலம், 1959இல் திறந்த தாங்கர்வில் பாலம். இரண்டிலும் டோல் உண்டு. நார்மண்டி பாலத்தில் காருக்கு ஒரு தடவைக்கு 5 யூரோவுக்கு மேல். போக ஒன்று, வர ஒன்று, மாதம் 20 நாள் வேலை என்றால் 200 யூரோவைத் தாண்டிவிடும். போந்தொதெமேரிலிருந்து தாங்கர்வில் வழிதான் வசதி. அங்கே டோல் ஏறக்குறைய பாதி. அப்படியும் மாதம் 100 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி போகிறவர்களுக்குச் சந்தா உண்டு, விசாரியுங்கள். பெட்ரோல், இன்ஷூரன்ஸ் எல்லாம் தனி. வாடகையில் மிச்சமாகும் தொகையையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

நம் ஊரில் பலருக்குத் தெரியாத வழி ஒன்று இருக்கிறது. நமக்குப் படகு என்றால் சுண்ணாம்பாற்றில் ஏறி பாரடைஸ் பீச் போவதுதான். அங்கே அது தினசரிப் போக்குவரத்து. சேன் ஆற்றில் கீழ்ப்பகுதி நெடுக, காரையே ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும் படகுகள் ஓடுகின்றன. அவற்றை ‘பக்’ என்பார்கள். கட்டணம் கிடையாது. தென்கரையில் கில்பெஃப் என்ற இடத்திலிருந்து வடகரையில் இருக்கும் போர் ஜெரோம் தொழிற்பேட்டைக்கு அப்படி ஒன்று போகிறது. உங்கள் வேலை லு ஆவ்ரிலேயே என்றால் அது சுற்றுவழி. போர் ஜெரோம் ஆலைகளில் வேலை என்றால் போந்தொதெமேர் வீடு நல்ல யோசனைதான். ஆனால் வேலை முடியும் நேரத்தில் வரிசை நிற்கும், பராமரிப்புக்காகச் சில நாள் படகு ஓடாது. ஷிஃப்ட் வேலைக்காரர்கள் முதல் படகும் கடைசிப் படகும் எப்போது என்று கேட்டுக்கொள்வது அவசியம். இன்னும் மேலே போனால் புரோத்தோன் பாலம். அதற்கு இப்போது டோல் இல்லை.

இன்னொரு விஷயம், இதைத்தான் முக்கியமாகச் சொல்வேன். பிரான்சில் பஸ், டிராம், ரயில் பாஸ் எடுத்தால் அதில் பாதியை முதலாளி கொடுத்தே ஆக வேண்டும், சட்டம் அப்படி. வாரப் பாஸோ மாதப் பாஸோ வருடப் பாஸோ இருக்க வேண்டும், தனித்தனி டிக்கெட்டுக்குக் கிடையாது. பாலத்து டோலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் ஊருக்குள்ளேயே, டிராம் பாதைக்குப் பக்கத்தில் சின்ன வீடாக எடுத்தால் வாடகை கொஞ்சம் கூடினாலும் பல பேருக்குக் கணக்கு சரியாக வந்துவிடும். முதல் வருஷம் கார் வாங்காமலே ஓட்டலாம்.

கார்தான் வழி என்றால், வருமான வரி கட்டும்போது வழக்கமான 10 சதவீதக் கழிவுக்குப் பதிலாக உண்மைச் செலவைக் காட்டலாம். கிலோமீட்டர் கணக்கோடு டோலையும் சேர்க்க இடமுண்டு. வீட்டுக்கும் வேலைக்கும் 40 கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருந்தால் காரணம் கேட்பார்கள். பில் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள்.

மற்ற கரையோர ஊர்களுக்குப் போகிறவர்களுக்கும் இரண்டு வார்த்தை. பிரான்சின் மேற்கு மூலையில் இருக்கும் பிரிட்டானியில் நெடுஞ்சாலைக்கு டோலே இல்லை. நாந்த் நகரில் ஆற்றுப் படகு ஊர்ப் பஸ் டிக்கெட்டிலேயே அடங்கும். லா ரோஷெலில் வேலை கிடைத்து ரே தீவில் வீடு பார்க்கிறவர்கள் பாலத்தை மறக்க வேண்டாம்: வெளியூர்க் காருக்குக் குளிர்காலத்தில் 8 யூரோ, கோடையில் 16 என்று வாங்கினார்கள். தீவுவாசிகளுக்குச் சலுகை உண்டு, ஆனால் அதற்குப் பதிவு செய்ய வேண்டும். பக்கத்து ஒலெரோன் தீவுப் பாலத்துக்கு 1991 முதல் கட்டணமே இல்லை.

பாரிஸ் பக்கம் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போவீர்கள். நார்மண்டியிலிருந்து பாரிஸ் போகும் ஏ13 டோல் சாலையில் 2024 முதல் தடுப்புக் கம்பம் கிடையாது. மொரட்டாண்டியில் நிறுத்துவது போல யாரும் நிறுத்த மாட்டார்கள், கேமரா நம்பர் பிளேட்டை எடுத்துக்கொள்ளும். 72 மணி நேரத்துக்குள் நீங்களாகவே இணையத்தில் டோலைக் கட்ட வேண்டும். விட்டுவிட்டால் நோட்டீஸ் வரும்: 15 நாளுக்குள் கட்டினால் 10 யூரோ கூடுதல், அதற்குப் பிறகு 90, 60 நாள் தாண்டினால் 375. பழைய கார் வாங்கினாலோ வீடு மாறினாலோ வண்டிப் பதிவில் முகவரியை ஒரு மாதத்துக்குள் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் நோட்டீஸ் பழைய வீட்டுக்குப் போய், உங்களுக்குத் தெரியாமலே அபராதம் ஏறும்.

கேள்வி: நன்றி அக்கா. வேலை லு ஆவ்ர் துறைமுகத்தில்தான். பைக் வாங்கி நார்மண்டி பாலம் வழியாகப் போனால்?

பதில்: மோட்டார் சைக்கிளுக்கு அந்தப் பாலத்தில் டோல் கிடையாது. ஆனால் அது மிக உயரமான பாலம், கடல் காற்று நேராக அடிக்கும். பலத்த காற்று நாளில் பைக்கை விட மாட்டார்கள், ஜனவரி மழையில் நமக்குப் பழக்கமும் இருக்காது. முதல் குளிர்காலம் கழியும்வரை ஊருக்குள் இருங்கள். வீட்டு விளம்பரம் ஏதாவது கையில் இருந்தால் தெரு பெயரைப் போடுங்கள், அங்கிருந்து துறைமுகத்துக்கு எந்த வண்டி வசதி என்று சொல்கிறேன்.