சுண்டெலிக் கல்லீரலில் பிபிஏஆர் ஆல்ஃபா: நாக்அவுட் விலங்கிலும் 52 கிலோடால்டனில் பட்டை வருவது ஏன்?

கேள்வி (ஆய்வு மாணவி):

வணக்கம். பட்டினியின்போது கல்லீரலில் கொழுப்பு அமில ஆக்சிஜனேற்றத்தை முடுக்கிவிடும் உட்கரு ஏற்பியான பிபிஏஆர் ஆல்ஃபாவின் புரத அளவை, உணவு உண்ட சுண்டெலிகளிலும் 24 மணி நேரம் பட்டினியிருந்த சுண்டெலிகளிலும் வெஸ்டர்ன் பிளாட் முறையில் (புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, மெம்பிரேன் தாளுக்கு மாற்றி, எதிர்ப்பொருளால் பட்டைகளாகக் காணும் முறை) ஒப்பிட்டு வருகிறேன். ஏற்பியைப் பிடிக்கும் முதல் நிலை எதிர்ப்பொருள் சுண்டெலியில் உருவாக்கப்பட்ட மோனோகுளோனல் (ஒரே வகை எதிர்ப்பொருள் மட்டும் கொண்டது). முதல் நிலையைக் காட்டிக்கொடுக்கும் இரண்டாம் நிலைக்கு, சுண்டெலி ஐஜிஜியை (இரத்தத்தில் மிகுந்துள்ள எதிர்ப்பொருள் வகை) இனங்காணும், ஒளி தரும் வினையைத் தூண்டும் பெராக்சிடேஸ் நொதி இணைத்த ஆட்டு எதிர்ப்பொருளைப் பயன்படுத்துகிறேன். 468 அமினோ அமிலங்கள் கொண்ட இந்த ஏற்பிக்கு எதிர்பார்க்கப்படும் 52 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) அருகே தடித்த, தெளிவான பட்டை கிடைக்கிறது. ஆனால் அதே பட்டை, இந்த ஏற்பியின் மரபணு செயலிழக்கச் செய்யப்பட்ட நாக்அவுட் எலிகளிலும் குறையாமல் இருக்கிறது.

எலிகள் மாறிப்போயிருக்க வாய்ப்பில்லை. வால் நுனித் திசுவில் மரபணு வகையைச் சரிபார்த்துவிட்டேன்; பட்டினியில், இந்த ஏற்பி தூண்டும் மரபணுக்களான ஏகாக்ஸ்-1, சிஒய்பி4ஏ10 ஆகியவற்றின் எம்ஆர்என்ஏ இயல்பான எலிகளில் நன்றாக உயர்கிறது, நாக்அவுட் எலிகளில் அந்த உயர்வு இல்லை. முதல் நிலை எதிர்ப்பொருளை எவ்வளவு நீர்த்துப்போகச் செய்தாலும் பட்டை மெலியவில்லை. உட்கருப் பகுதியைவிட, செல்லின் நீர்மப் பகுதியான சைட்டோசாலில் அது வலுவாக இருக்கிறது. ஒப்பீட்டுக்காக வைத்த மண்ணீரலில் எல்லாவற்றையும் விட வலுவாக இருக்கிறது. மனிதக் கல்லீரல் செல் வரிசையான ஹெப்ஜி2-இல் ஏறத்தாழ இல்லை. எதிர்ப்பொருளைத் தூக்கி எறிய வேண்டுமா, அல்லது செய்முறையை மாற்ற வேண்டுமா?

பதில் (புரத உயிர்வேதியியல் ஆய்வாளர்):

நீங்கள் குறிப்பிட்ட தடயங்கள் அனைத்தும் ஒரே திசையைக் காட்டுகின்றன. நீங்கள் பார்ப்பது ஏற்பி அன்று, சுண்டெலியின் சொந்த ஐஜிஜியின் கனச் சங்கிலியாகவே இருக்க வேண்டும். ஐஜிஜியை ஒடுக்கி (சங்கிலிகளை இணைக்கும் சல்ஃபர் பிணைப்புகளை உடைத்து) ஜெல்லில் ஓட்டினால் அதன் கனச் சங்கிலி சுமார் 50 கிலோடால்டனிலும் இலேசான சங்கிலி சுமார் 25 கிலோடால்டனிலும் வரும். கல்லீரலும் மண்ணீரலும் இரத்தம் நிறைந்த உறுப்புகள் என்பதால் லைசேட்டில் (திசுவை உடைத்துக் கரைத்த சாறு) அந்த எலியின் ஐஜிஜி தாராளமாகக் கலந்திருக்கிறது. உங்கள் இரண்டாம் நிலை எதிர்ப்பொருள், முதல் நிலை எதிர்ப்பொருளையும் திசுவோடு வந்த ஐஜிஜியையும் வேறுபடுத்த முடியாமல் இரண்டிலுமே ஒட்டுகிறது. ஹெப்ஜி2 செல்களில் சுண்டெலி ஐஜிஜி கிடையாது. அதனால்தான் அங்கே பட்டையும் இல்லை. முதல் நிலையை நீர்த்தும் பட்டை மெலியாததற்கும் இதுவே விளக்கம்.

உறுதிசெய்ய இரண்டு சோதனைகள் போதும். ஒரு மெம்பிரேனில் முதல் நிலையைத் தவிர்த்து, இரண்டாம் நிலையை மட்டும் இட்டுப் பாருங்கள். இன்னொரு ஜெல்லில் அதே மாதிரியை டைதியோதிரைட்டால், மெர்காப்டோஎத்தனால் போன்ற ஒடுக்கும் பொருள் எதுவும் சேர்க்காமல் ஓட்டுங்கள். ஐஜிஜி என்றால் பட்டை 150 கிலோடால்டன் பக்கம் தாவிவிடும், ஏற்பி என்றால் பெரும்பாலும் 52-இலேயே நிற்கும்.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. இரண்டாம் நிலையை மட்டும் இட்ட மெம்பிரேனிலும் அதே பட்டை வருகிறது. நான் இதுவரை வெட்டி ஒதுக்கிய கீழ்ப்பகுதியையும் சேர்த்துப் பார்த்தபோது 25 கிலோடால்டன் அருகே இரண்டாவது பட்டையும் தெரிந்தது. ஒடுக்காத ஜெல்லில் பட்டை மேலே சென்றுவிட்டது. இப்போது என்னிடம் உள்ளவை உறைய வைத்த கல்லீரல் துண்டுகள் மட்டுமே. முயலில் உருவாக்கிய எதிர்ப்பொருளுக்கு மாறினால் போதுமா?

பதில் (உட்கரு ஏற்பி ஆய்வகத்தைச் சேர்ந்தவர்):

முயல் எதிர்ப்பொருளுக்கு மாறினால் ஐஜிஜித் தொல்லை பெருமளவு தீரும், சுண்டெலி ஐஜிஜியோடு குறுக்கு வினை நீக்கப்பட்ட இரண்டாம் நிலையை வாங்கினால் இன்னும் நல்லது. ஆனால் அதோடு பணி முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். உட்கரு ஏற்பிகள் செல்லில் மிகக் குறைந்த அளவில் இருப்பவை. அத்துடன் பிபிஏஆர் காமா-1, எல்எக்ஸ்ஆர் ஆல்ஃபா, பிபிஏஆருடன் இணை சேர்ந்து டிஎன்ஏவில் அமரும் ஆர்எக்ஸ்ஆர் ஆல்ஃபா என இந்தக் குடும்பத்தில் பலரும் 50 கிலோடால்டனைச் சுற்றியே கூடியிருக்கிறார்கள். முயல் பாலிகுளோனல் (பலவகை எதிர்ப்பொருள்களின் கலவை) ஒன்று அதே இடத்தில் வேறொரு புரதத்தைப் பிடித்துக்கொண்டால், எடையை வைத்து நீங்கள் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. பிபிஏஆர் ஆல்ஃபாவைப் பொறுத்தவரை, நாக்அவுட் திசுவில் மறையாத பட்டைக்கு, எதிர்ப்பொருள் நிறுவனத்தின் தகவல் தாள் என்ன சொன்னாலும், நான் மதிப்பளிப்பதில்லை.

உறைந்த துண்டுகளைப் பயன்படுத்த வழி இருக்கிறது. முழு லைசேட்டை விட்டுவிட்டு, திசுவை அரைத்து, அடர்ந்த சுக்ரோஸ் கரைசலின் மேல் சுழலவிட்டு உட்கருக்களைப் பிரித்தெடுங்கள். இரத்தப் புரதங்களில் பெரும்பகுதி மேலேயே தங்கிவிடும். உறைந்த திசுவில் உட்கருக்கள் ஓரளவு உடையும் என்பதால் விளைச்சல் குறையும், அதற்கேற்ப அதிகத் திசுவில் தொடங்குங்கள். பிறகு அந்த உட்கருக்களை 420 மில்லிமோலார் சோடியம் குளோரைடு கொண்ட கரைசலில், புரோட்டியேஸ் தடுப்பான்களுடன், பனிக்கட்டியில் வைத்துப் பிரித்தெடுத்தால் குரோமாட்டினோடு (டிஎன்ஏவும் புரதங்களும் சேர்ந்த தொகுதி) ஒட்டியுள்ள ஏற்பியும் வெளிவரும். ஒரு குழிக்கு 30 முதல் 50 மைக்ரோகிராம் வரை இடலாம். எல்லாக் குழிகளிலும் ஒரே அளவு இட்டோமா என்று காட்டும் ஏற்றக் கட்டுப்பாட்டுக்கு ஆக்டின் வேண்டாம், இதே சாற்றில் வெளிவரும் உட்கருப் புரதம் ஒன்றைப் பாருங்கள்.

கட்டாயம் உடன் ஓட வேண்டியவை நாக்அவுட் கல்லீரலின் உட்கருச் சாறும், சுண்டெலி பிபிஏஆர் ஆல்ஃபாவை மிகைவெளிப்பாடு செய்த செல்களின் சாறும். பின்னதை மிகக் குறைவாக இடுங்கள், இல்லாவிட்டால் அதன் ஒளி பக்கத்துக் குழிகளை மூழ்கடித்துவிடும்.

பதில் (புரத உயிர்வேதியியல் ஆய்வாளர்):

மேலே சொன்னதை ஏற்கிறேன், எபிடோப் (எதிர்ப்பொருள் ஒட்டும் புரதப் பகுதி) பற்றி ஒன்றைச் சேர்க்க வேண்டும். 1995-இல் வெளியான, இன்றும் பரவலாகப் பயன்படும் நாக்அவுட் வரிசையில் எக்ஸான் 8, அதாவது ஈனி (ஏற்பியைத் தூண்டும் மூலக்கூறு) பிணையும் பகுதிக்கான மரபணுத் துண்டு, சிதைக்கப்பட்டுள்ளது. உங்கள் எலிகள் அந்த வரிசையைச் சேர்ந்தவை என்றால், அமினோ முனையை இனங்காணும் எதிர்ப்பொருள் ஒரு குட்டையான துண்டைக் காட்டுவதற்குக் கோட்பாட்டளவில் இடமுண்டு. 52-இல் பட்டை மறைந்து, கீழே ஏதேனும் தோன்றினால் உடனே எதிர்ப்பொருளைக் குறை கூற வேண்டாம். வாங்கும் முன் எபிடோப் எந்தப் பகுதியில் உள்ளது என்று நிறுவனத்திடம் கேளுங்கள். சொல்ல மறுத்தால் வேறு பொருளைப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:

எங்கள் எலிகள் அந்த வரிசையைச் சேர்ந்தவையே. இறுதியாக ஒரு சந்தேகம்: வெஸ்டர்னில் தேறிய எதிர்ப்பொருளையே, ஏகாக்ஸ்-1 மரபணுவின் பிபிஏஆர் ஏற்புத் தளத்தில் ஏற்பி அமர்வதைப் பார்க்கும் குரோமாட்டின் வீழ்படிவுச் சோதனைக்கும் பயன்படுத்தலாமா?

பதில் (உட்கரு ஏற்பி ஆய்வகத்தைச் சேர்ந்தவர்):

தானாகவே பொருந்தும் என்று கொள்ள முடியாது. வெஸ்டர்னில் புரதம் விரிந்த நிலையில் இருக்கிறது. குரோமாட்டின் சோதனையிலோ ஃபார்மால்டிஹைடால் பிணைக்கப்பட்டு, ஆர்எக்ஸ்ஆரோடும் துணைப் புரதங்களோடும் மடிந்து நிற்கிறது, எபிடோப் மறைந்துபோகலாம். எனவே அங்கேயும் நாக்அவுட் கல்லீரலை இணையாக வைத்து, ஏகாக்ஸ்-1 தளத்தில் கிடைக்கும் செறிவு நாக்அவுட்டில் பின்னணி அளவுக்கு இறங்குகிறதா என்று தனியாகச் சரிபாருங்கள். இங்கே தொடர்பற்ற ஐஜிஜியை மட்டும் கட்டுப்பாடாக வைப்பது போதாது, ஏனெனில் உங்கள் எதிர்ப்பொருள் வேறொரு குரோமாட்டின் புரதத்தைப் பிடிக்கிறதா என்பதை அது சொல்லாது. முதலில் வெஸ்டர்னை முடியுங்கள். உங்களிடம் உள்ள எம்ஆர்என்ஏ முடிவுகளுக்கு இதனால் எந்தப் பாதிப்பும் இல்லை. அவற்றை அப்படியே வைத்துக்கொண்டு, பழைய பிளாட்டிலிருந்து எடுத்த அடர்த்தி அளவுகளை மட்டும் நீக்கிவிடுங்கள்.