பேச்சு வராத மாணவனுக்கு டேப்லட் கணினி எந்த அளவுக்குத் துணையாகும்?

கேள்வி: ஒரு தாய், பிறை, மலேசியா

வணக்கம். என் மகனுக்கு எட்டு வயது, ஆட்டிசம் உள்ளவன். தமிழ்ப்பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்பில் படிக்கிறான். நாங்கள் சொல்வது புரிந்தாலும் அவனுக்குப் பேச வரவில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கம் அவ்வகுப்புக்கு டேப்லட் கணினிகள் வாங்கவிருக்கிறது. படத்தைத் தொட்டால் ஒலிக்கும் செயலிக்குப் பழகிவிட்டால் பிள்ளை வாய்திறந்து பேச முயல்வதையே விட்டுவிடுவானோ என்று என் மாமியார் அஞ்சுகிறார். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: சிறப்புக் கல்வி ஆசிரியை, செந்தூல்

சகோதரி, அந்த அச்சம் வேண்டாம். இத்தகைய கருவிகள் பேச்சைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. சில பிள்ளைகளிடம் பேச்சு சற்றுக் கூடியதாகவே அவை தெரிவிக்கின்றன. ஆனால், கருவியைக் கையில் கொடுத்துவிட்டு அவன் தொடுவான் என்று காத்திருப்பதால் பயனில்லை. சாப்பிடும்போதும் குளிப்பாட்டும்போதும் நீங்கள் பேசிக்கொண்டே ‘வேண்டும்’, ‘போதும்’, ‘இன்னும்’, ‘வலிக்கிறது’ போன்ற சொற்களுக்குரிய படங்களை நீங்களே தொட்டுக் காட்ட வேண்டும். அவன் உடனே திரும்பச் சொல்ல வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது. படங்களின் இடத்தையும் அடிக்கடி மாற்றாதீர்கள், ஏனெனில் அவன் விரல் பழகுவது அந்த இடத்திற்குத்தான். சென்னையில் உருவான ஆவாஸ் செயலியில் தமிழும் உண்டு. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு மலாயையும் ஆங்கிலத்தையும் மட்டும் அமைத்துக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. அவனுடைய பாட்டியிடமும் அவன் பேச வேண்டுமல்லவா?

மறுமொழி: ஒரு தந்தை, பட்டர்வொர்த்

ஆசிரியை கூறியது முற்றிலும் சரி. பேசுவதற்கான கருவியில் காணொளியும் விளையாட்டும் வேண்டாம். ஐபேடில் ‘கைடட் ஆக்சஸ்’ என்னும் வசதியை இயக்கினால் பிள்ளை வேறு செயலிக்குத் தாவ முடியாது. ஆண்ட்ராய்டிலும் செயலியைத் திரையில் நிலைநிறுத்தும் வசதி உண்டு. அடம்பிடித்தான் என்பதற்காகக் கருவியைப் பறிப்பது அவன் வாயைப் பொத்துவதாகும். சார்ஜ் தீர்ந்துபோகும் வேளைக்காக அதே படங்களை அச்சிட்டு லேமினேட் செய்து வைத்திருங்கள்.

கேள்வி கேட்ட தாய்

இருவருக்கும் மிக்க நன்றி. பள்ளிக் கருவியை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்களா?

மறுமொழி: சிறப்புக் கல்வி ஆசிரியை, செந்தூல்

அது பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். ஆகவே, வாங்குவதற்கு முன்பே சங்கக் கூட்டத்தில் இதைக் கேட்டு எழுத்தில் பெற்றுவிடுங்கள். மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 28ஆம் பிரிவு, கல்விக்கூடங்கள் இத்தகைய மாணவர்களுக்கு ஏற்ற கருவிகளையும் கற்பித்தல் முறைகளையும் அமைத்துத் தர வேண்டும் என்கிறது. தலைமையாசிரியருக்கு எழுதும் கடிதத்தில் அதைத் தயங்காமல் குறிப்பிடலாம்.