மறுமொழி: கண்டென்சர் ரீஃபார்மிங் – ‘பழக்குதல்’ என்றால் என்ன குறை?

நண்பர்களுக்கு வணக்கம்.

மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கண்டென்சர் பல வருஷம் சும்மா கிடந்தால், மெதுவாக மின்சாரம் ஏற்றி அதைத் திரும்ப வேலைக்குத் தயார்செய்வதை ஆங்கிலத்தில் ரீஃபார்மிங் என்பார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நம் கலைச்சொல் குழுவில் கேட்டதற்கு இதுவரை வந்த மூன்று சொற்களையும் பார்த்தேன்: மீளுருவாக்கம், மறுவார்ப்பு, சீர்திருத்தம். கடைசியை முன்வைத்தவர் விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார். புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றிக்கொள்ளும் இரண்டு கண்டென்சர்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன.

நான் வேறொரு சொல்லைச் சொல்லப் போகிறேன். அது அகராதியிலிருந்து வரவில்லை, ஒரு பழைய பேஸ் ஆம்பிலிருந்து (பேஸ் கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி) வந்தது.

போன இலையுதிர் காலத்தில் நியூஜெர்சியில் ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில் ஆம்பெக் பி-15 ஒன்றை வாங்கினேன். அறுபதுகளின் நடுவில் செய்தது. அப்போது ஆம்பெக் ஆலை லிண்டனில் இருந்தது; எடிசனில் என் வீட்டிலிருந்து காரில் அரை மணி. பெட்டி பிறந்த ஊரைத் தாண்டவே இல்லை போலிருக்கிறது. கேரேஜில் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் கிடந்தது. நீலக் கட்டம் போட்ட வினைல் உறையில் பூஞ்சை, ஒரு மூலையை எலி கடித்திருந்தது. மேல்மூடியின் கொக்கிகளை விடுவித்துப் புரட்டினால் வால்வுகளோடு (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழல்கள்) ஆம்ப் மேலே வந்து நிற்கும். வேலை முடிந்ததும் திரும்பப் புரட்டினால் பெட்டிக்குள் தலைகீழாகப் போய்விடும். 1960-இல் ஆம்பெக்கின் பொறியாளர் ஜெஸ் ஆலிவர் செய்த ஏற்பாடு இது. ஆம்பெக் என்ற பெயரே ஒரு கலைச்சொல்தான். நிறுவனர் எவரெட் ஹல் பேஸ் வாசிப்பவர். ஆளுயர வயலின் போன்ற டபுள் பேஸ் தரையில் ஊன்றும் முளைக்குள் ஒரு மைக் வைத்து, அதற்கு ‘ஆம்ப்ளிஃபைட் பெக்’ என்று பெயரிட்டார். அதைச் சுருக்கினால் ஆம்பெக். நம் குழுவில் யாராவது ‘பெருமுளை’ என்று பரிந்துரைத்திருந்தால் என்ன பாடு பட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இப்படிப் பல வருஷம் கிடந்த பெட்டியை வாங்கியதும் ஆசையில் பிளக்கைச் சொருகிவிடக் கூடாது. வால்வுகளைவிட, அவற்றுக்குப் போகும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் ஃபில்டர் கண்டென்சர்கள்தான் ஆபத்து. (பாடநூல் தமிழில் மின்தேக்கி, இலங்கையில் கொள்ளளவி. ஃபேன் நின்றால் எல்லோருக்கும் கண்டென்சர். மூன்றுமே இருக்கட்டும்.) இதற்குள் மின்பகுளி என்ற மின்கடத்தும் திரவத்தில் நனைத்துச் சுருட்டி வைத்திருப்பது அலுமினியத் தகடு. அதன் மேல் ஆலையிலேயே மின்சாரம் செலுத்தி ஓர் ஆக்சைடு படலம் வளர்த்திருப்பார்கள். ஒரு வோல்ட்டுக்கு ஏறக்குறைய 1.4 நானோமீட்டர், 450 வோல்ட் கண்டென்சர் என்றால் அரை மைக்ரோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அந்த மெல்லிய படலம்தான் மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துகிறது. வருஷக்கணக்கில் மின்சாரம் படாமல் கிடந்தால் படலம் அங்கங்கே கெட்டுப்போகும். அந்த நிலையில் 400 வோல்ட்டைத் திடீரென்று கொடுத்தால் கசிவு மின்னோட்டத்தில் உள்ளே சூடேறி, வாயு உண்டாகி, வெடிக்கவும் கூடும். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் அதே மின்சாரம் படலத்தைத் திரும்ப வளர்த்துவிடும். இதுதான் ரீஃபார்மிங்.

வேரியாக்கை (வோல்டேஜை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) மெதுவாகத் திருகினால் போதும் என்பார்கள். ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபயரும் வால்வாக உள்ள பெட்டியில் அது சரிப்படாது. பாதி வோல்டேஜில் ரெக்டிஃபயரின் இழையே சரியாகச் சூடேறாது; கண்டென்சருக்கு ஒன்றும் போய்ச் சேராமல் இருந்துவிட்டு, பிறகு மொத்தமாகப் போய்ச் சேரும். ஆகவே பல கண்டென்சர்களைத் தனித்தனிப் பிரிவுகளாக அடக்கிய டப்பாவின் இணைப்புகளைக் கழற்றி, வெளியிலிருந்து 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக டிசி கொடுத்தேன். ரெசிஸ்டருக்குக் குறுக்கே மீட்டர். முதல் பிரிவில், பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தபோது 180 வோல்ட். அதாவது 1.8 மில்லி ஆம்பியர் கசிகிறது. சாப்பிட்டுவிட்டு வந்தால் 70. இரவு பத்து மணிக்கு 12. கசிவு அடங்கிவிட்டது.

அந்த நேரத்தில் அம்மா மதுரையிலிருந்து அழைத்தார். அங்கே விடிந்து பூஜை முடிந்திருந்தது. என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு, நம் குழுவின் பயிற்சிக்காக ஆங்கிலம் கலக்காமல் விளக்க முயன்றேன். ரொம்ப நாள் சும்மா கிடந்ததால் மேல்படலம் போய்விட்டது, எடுத்தவுடன் முழுச் சூடு கொடுத்தால் கெட்டுவிடும், மெதுவாக ஏற்றி ஏற்றி படலம் படியவைக்க வேண்டும் என்றேன். “ஏண்டா, தோசைக்கல்லைப் பழக்குற மாதிரியா?” என்றார்.

அவ்வளவுதான். புதுக் கல்லைக் கஞ்சித் தண்ணீரில் ஊறப்போட்டு, எண்ணெய் தடவி, சிறு தீயில் வைத்து, வெங்காயத்தால் தேய்த்துத் தேய்த்துப் பழக்குவார்கள். உபயோகிக்காமல் பரணில் போட்டால் துருவேறும். மறுபடி பழக்க வேண்டும். கல்லில் படிவது எண்ணெய்ப் படலம், இங்கே வளர்வது உலோகத்தின் சொந்த ஆக்சைடு. வேதியியலில் அந்த வித்தியாசம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மீளுருவாக்கம் என்றால் கண்டென்சரையே புதிதாகச் செய்வதாகத் தோன்றுகிறது, வார்ப்பு என்றால் இரும்பை உருக்குவதாகத் தோன்றுகிறது. அவற்றோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ பக்கம்.

எனக்குப் பெரிய ஆதாயமாகப் படுவது இலக்கணம். பழகு–பழக்கு என்று தன்வினை பிறவினை இரண்டும் கையில் கிடைக்கின்றன. “முதல் பிரிவு பழகிவிட்டது, இரண்டாவது இன்னும் பழகவில்லை” என்று பட்டறையில் சொல்லலாம். ‘மீளுருவாக்கப்படவில்லை’ என்று எந்த மெக்கானிக் சொல்லுவார்? ஆலையில் முதலில் செய்வது பழக்கல், பிறகு நாம் செய்வது மறுபழக்கல். ‘பழக்கம்’ மட்டும் வேண்டாம். அது டீ, சிகரெட் பக்கம் போய்விடும்.

புது எலக்ட்ரானிக் கருவிகளைச் சில மணி நேரம் ஓடவிடும் பர்ன்-இன்னோடு குழம்பாதா என்று ஒருவர் தனியாக எழுதிக் கேட்டிருந்தார். அது சோதிப்பது, தேறாததைக் கழிப்பது. எதுவும் படிவதில்லை. அதற்கு ‘ஓட்டிப் பார்த்தல்’ போதும்.

இதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இரண்டாவது பிரிவு பழகவே இல்லை. நள்ளிரவிலும் மீட்டர் 150-க்குக் கீழே இறங்கவில்லை. உள்ளே மின்பகுளி காய்ந்துபோனால் எவ்வளவு பழக்கியும் பயனில்லை. விரிசல் விட்ட கல்லைப் பழக்கி என்ன? டப்பாவைக் காலியாக அங்கேயே விட்டுவிட்டு, அடியில் புதுக் கண்டென்சர்களை மறைத்துப் பற்றவைத்தேன். கூடவே இரண்டு முனைப் பழைய வயரை எடுத்து எர்த் உள்ள மூன்று முனை வயர் போட்டேன். மெயின்ஸிலிருந்து சேசிஸுக்கு (ஆம்பின் உலோகச் சட்டம்) போகும், இங்குள்ளவர்கள் ‘சாவு கண்டென்சர்’ என்று அழைக்கும் அந்த ஒன்றையும் பிடுங்கிப் போட்டேன். அதற்கு ‘எமகண்டென்சர்’ என்று யாரும் பரிந்துரைக்க வேண்டாம், நானே சொல்லிவிட்டேன்.

வேரியாக்குக்கு ‘ஏற்றிறக்கி’ பற்றி நாளை எழுதுகிறேன். இன்றைக்கு 15 அங்குல ஸ்பீக்கரின் கூம்பில் எலி போட்ட ஓட்டையை டிஷ்யூ தாள் ஒட்டி அடைக்க வேண்டும்.