சுண்டெலி நாடிப் படிவை இமேஜ்ஜே எண்ட பட அளவை மென்பொருளில அளக்க உதவி வேணும்

வணக்கம். திருகோணமலை உவர்மலையில இருந்து எழுதுறன். நாடியில கொழுப்புப் படியிறதுக்காக ஏப்போஈ மரபணு நீக்கின சுண்டெலிகளின்ர பெருநாடி வேர் (பெருநாடி இதயத்தில தொடங்குற இடம்) வெட்டுகள், கொழுப்பைச் சிவப்பாக்கிற ஆயில் ரெட் ஓ சாயம் போட்டு எடுத்த நுணுக்குக்காட்டிப் படங்கள் கையில இருக்கு. கொழுப்புப் படிவின்ர பரப்பைச் சதுர மைக்ரோமீற்றரில எடுக்கவேணும்.

அளவுகோட்டை வச்சு 'செட் ஸ்கேல்' குடுத்திட்டன், அது சரி. நிற எல்லை குடுத்துப் பரப்பைப் பிரிச்செடுக்கிற 'கலர் த்ரெஷோல்ட்' தான் சிக்கல். வால்வு இதழ் சுவரோட சேருற மூலையில சிவப்பை வடிவாப் பிடிக்குது. ஆனா நாடிச் சுவருக்கு வெளியில ஒட்டிக்கிடக்கிற கொழுப்பையும் சேர்த்து எண்ணுது. எல்லையைக் கையால கீறி வெளிப்பக்கத்தை அழிக்கலாம்தான், எண்டாலும் கீறுற ஆளுக்கு ஆள் பரப்பு மாறுமே. வெளிச்சம் கூடக்குறைய உள்ள படங்களுக்கு ஒரே த்ரெஷோல்டை மேக்ரோவில (தானா ஓடுற கட்டளைத் தொகுப்பில) ஓட்டலாமோ, இல்லாட்டி முதல்ல பின்னணியைச் சரிப்படுத்தவேணுமோ?

உயிர் குடுத்த எலிகள், இலக்கம் பிழைக்கக்கூடாது. செய்து பழகின ஆக்கள் சொல்லித் தாங்கோ.